சூடு என்று பொன்னி சொன்னது

திண்டிவனம்
10.6.2025, செவ்வாய்

ஜெசிந்தா டீச்சருக்கு அம்சா எழுதுவது.

எங்களைப் பேச வைத்துக் கேட்க நீங்கள் கூட்டம் போட்டீர்களே, அன்றைக்கு அந்தக் கல்யாண மண்டபத்து மாடியில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் "நான் அங்கே இல்லை" என்று சொல்லக் கூடாது. போன வருஷம் மாசி மாதம் ஐந்தாம் தேதி, சனிக்கிழமை. நீங்கள் இருந்தீர்கள், அரக்குக் கரை போட்ட சாம்பல் புடவை. வெளிநாட்டிலிருந்து வந்த மார்த்தா அம்மா இருந்தார்கள். அவர்கள் ஊரில் கரும்பு வெட்டுகிற ஜனங்களோடு வேலை செய்கிறவர்கள் என்று சொன்னீர்கள். சேரன் டாக்டர் ஜன்னலோரம் தனி மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் வேலை செய்கிற உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிற கோதண்டபாணி இருந்தார். எங்கள் பேச்சை இங்கிலீஷில் எடுத்துச் சொல்ல உங்கள் காலேஜ் பிள்ளைகள் இரண்டு பேர். ஒருவன் தென்னரசு. இன்னொருத்தி எங்கள் மலர்விழி, என் பேத்தி. உப்பளத்துப் பெண்கள் பதினோரு பேர். அதில் நான் ஒருத்தி, ராஜாமணி ஒருத்தி, மலர்விழியைப் பெற்ற என் மருமகள் பொன்னி ஒருத்தி. மீதி எட்டுப் பேர் பெயரும் எனக்குத் தெரியும். கேட்டால் எழுதுகிறேன்.

அன்றைக்குப் பேசியதை வைத்து நீங்கள் போட்ட புத்தகம் வந்து சேர்ந்தது. நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள், அதற்கப்புறம் அறிவொளி ராத்திரி வகுப்பில் கொஞ்சம். விரல் வைத்துத்தான் படிப்பேன். ஆனால் ஓர் எழுத்தை விடமாட்டேன். முப்பத்தோராம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "பொன்னி, வயது 41, உப்பளத் தொழிலாளி. எனக்கு வெயில் தாங்க முடியவில்லை, எரிக்கிறது என்கிறார்."

பொன்னி இப்படிச் சொல்லவில்லை. வெயில் தாங்கவில்லை என்று உப்பளத்தில் இறங்குகிறவள் எவளும் சொல்ல மாட்டாள். வெயில் இல்லாவிட்டால் உப்பு ஏது? நாங்கள் சாமியிடம் கேட்பதே நல்ல வெயில்தான். பொன்னியைக் கேட்டேன். "சூடு புடிச்சிக்குதுன்னு சொன்னேன் அத்தே, வேற என்னா சொல்லப் போறேன்" என்றாள்.

சூடு பிடிப்பது வேறு, வெயில் அடிப்பது வேறு. இது உங்களுக்குத் தெரியாதா? நீங்களும் தமிழ் பேசுகிறவர்தானே?

அன்றைக்குச் சேரன் டாக்டர் கூட்டம் தொடங்கும்போதே சொன்னார். யாருக்காவது சிறுநீர்த் தொந்தரவு இருந்தால் பேசி முடித்ததும் என் மேசைக்கு அனுப்புங்கள், இன்றைக்கே பரிசோதனைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். யார் பேச்சில் அது வந்ததோ அவர்களை அனுப்பினீர்கள். நாலு பேர் போனார்கள். பொன்னியை யாரும் அனுப்பவில்லை. வெயில் என்று எழுதிவிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள்.

இந்தத் தை மாதத்திலிருந்து பொன்னிக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. செவ்வாயும் வெள்ளியும் திண்டிவனம் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அலைய முடியாமல் இங்கேயே ஓர் அறை வாடகைக்குப் பிடித்துவிட்டோம். என் மகன் கண்ணையன் திருப்பூரில் சாயப்பட்டறையில் இருக்கிறான், மாதம் ஒருமுறை வருகிறான். பொன்னியை நாலு மணி நேரம் மெஷினில் போட்டிருக்கும்போது நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

போன் போடலாமே என்பீர்கள். போனில் நீங்கள் "சரிம்மா, பாக்கறேம்மா" என்பீர்கள். அது அதோடு போயிற்று. காகிதம் என்றால் ஒருவர் கையில் நிற்கும்.

முப்பத்தோராம் பக்கத்தை மாற்றுங்கள்.

அம்சா


விழுப்புரம்
16.6.2025

அன்புள்ள அம்சா அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். பொன்னியின் உடல்நிலை எனக்குத் தெரியாது. மலர்விழி என்னிடம் சொல்லவில்லை. வகுப்புக்கு வருகிறாள், போகிறாள். தலைவலி என்பாள். நான் மேலும் கேட்டிருக்க வேண்டும்.

நடந்தது இதுதான். அன்று மூன்று மேசைகளில் ஒரே நேரத்தில் பேச்சு நடந்தது. உங்கள் மேசையில் நான் இருந்தேன், அங்கே மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. இன்னொரு மேசையில் மாணவரே கேட்டு நேராக ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார். பொன்னியின் மேசையில் மார்த்தா இருந்தார். அங்கே பேசியது உடனுக்குடன் ஆங்கிலத்தில் சொல்லப்பட்டது, மார்த்தா குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்புகளிலிருந்துதான் எங்கள் வலைப்பின்னலில் உள்ள ஐந்து நாடுகளுக்குமான அறிக்கை ஆங்கிலத்தில் தயாரானது. உங்கள் கையில் இருப்பது அந்த ஆங்கில அறிக்கையின் தமிழாக்கம். பொன்னி தமிழில் சொன்னது ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து மறுபடி தமிழுக்கு வந்திருக்கிறது. சூடு என்ற சொல் வழியில் வெயிலாகிவிட்டது. திரும்பி வந்ததை நான் சரிபார்த்தேன். ஆங்கிலத்தோடு ஒப்பிட்டுத்தான் சரிபார்த்தேன். பொன்னியோடு ஒப்பிடவில்லை.

பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களும் களத்தில் வேலை செய்கிறவர்களும் சமமாக உட்கார வேண்டும், ஓர் ஊரில் கற்றது இன்னோர் ஊருக்கு உதவ வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வலைப்பின்னலை ஆறு வருடங்களாகக் கட்டிவருகிறோம். அதில் இப்படி நடந்தது எனக்கு அவமானம்.

மேசையில் மொழிபெயர்த்தவர் யார் என்று மட்டும் கேட்காதீர்கள். அவர்கள் மாணவர்கள். பொறுப்பு என்னுடையது.

அன்புடன்,
ஜெசிந்தா


திண்டிவனம்
24.6.2025, செவ்வாய்

டீச்சருக்கு,

கேட்காதீர்கள் என்றால் எனக்குத் தெரியாமல் போய்விடுமா? காலையில் பொன்னி மேசைப் பக்கம் தென்னரசு நின்றதை என் கண்ணால் பார்த்தேன். கழுத்தில் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பி விளையாடிக்கொண்டிருந்தான். டவுனில் பிறந்த பிள்ளை, அவனுக்குச் சூடு என்றால் காபிதான். அவன் அம்மாவுக்கு வந்திருந்தால் தெரிந்திருக்கும். அவனை நான் மறக்க மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.

பொன்னியிடம் உன் மேசையில் யார் இங்கிலீஷில் சொன்னது என்று கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். உடம்பு முடியாதவளை அதற்கு மேல் கேட்க மனசு வரவில்லை.

சூடு என்றால் என்ன என்று எழுதுகிறேன், உங்கள் ஐந்து நாட்டுக்கும் அனுப்புங்கள். நீங்கள் உப்பளத்தைப் பார்த்தீர்கள். மரம் உண்டா? ஒரு புதர் உண்டா? பாத்திக்கு அப்பால் பாத்தி, கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும் தட்டை. ஒரு பெண் உட்கார்ந்தால் கிழக்குக் கடற்கரை ரோட்டில் பஸ்ஸில் போகிறவனுக்கும் தெரியும். ஆண்பிள்ளைகள் வரப்பில் திரும்பி நின்றுகொள்கிறார்கள். நாங்கள் விடியற்காலை நாலு மணிக்கு இறங்கினால் பதினோரு மணிக்குக் கரையேறுகிற வரைக்கும் அடக்கிக்கொள்கிறோம். தண்ணீர் குடித்தால்தானே வரும்? அதனால் குடிப்பதில்லை. வாயை நனைத்துத் துப்பிவிடுவோம். நாற்பது வருஷமாகத் துப்புகிறேன். அப்படியே இருந்தால் சூடு பிடிக்கும். சொட்டுச் சொட்டாகத்தான் போகும், மிளகாய் அரைத்துத் தடவினாற்போல எரியும். கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு வைப்போம். எங்கள் தெருவில் யாருக்குச் சூடு பிடித்தாலும் என்னிடம்தான் வருவார்கள். பெண்களுக்கும் வைத்திருக்கிறேன், சின்னப் பிள்ளைகளுக்கும் வைத்திருக்கிறேன்.

இதற்கு நீங்கள் என்ன அனுப்பினீர்கள்? பச்சை நிழல்வலை, ஆறு சுருள். அதில் நாலு கட்டியிருக்கிறது. நல்ல நிழல். அதன் கீழே உட்கார்ந்து அடக்கிக்கொள்கிறோம்.

உங்கள் புத்தகத்து அட்டைப் படத்தைப் பாருங்கள். நாங்கள் பதினோரு பேரும் வரிசையாக உட்கார்ந்திருக்கிறோம். ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில் முன்னால் இருக்கிறது. ஒரு மூடியாவது திறந்திருக்கிறதா? மண்டபத்து மாடியில் கக்கூஸ் பூட்டியிருந்தது டீச்சர். ராஜாமணி போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பூட்டிக்கீது, யாரும் தண்ணி கிண்ணி குடிக்காதீங்கடி" என்று காதோடு காதாகச் சொன்னாள். பாட்டிலை வீட்டுக்கு எடுத்துப் போனோம். எங்கள் கஷ்டத்தைக் கேட்கப் போட்ட கூட்டத்திலேயே நாங்கள் அடக்கிக்கொண்டுதான் பேசினோம்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் செப்டம்பர் மாதம் ஐந்து நாட்டுக்காரர்களும் கூடி ஒரே திட்டம் போடப் போகிறீர்கள் என்று இருக்கிறது. வலைப்பின்னல் என்கிறீர்கள். எனக்குத் தெரிந்த வலையில் ஒரு பக்கம் இழுக்கிறவன் இருப்பான், உள்ளே மீன் இருக்கும். நாங்கள் எந்தப் பக்கம்? செப்டம்பரில் நிழல் என்று முடிவு பண்ணிவிட்டால் மார்த்தா அம்மா ஊரிலும் நிழல்தான் போடுவார்கள். அந்த ஊரில் கரும்பு வெட்டுகிற பெண்கள் எங்கே போகிறார்கள்? யாராவது கேட்டீர்களா?

அன்றைக்கு மேசை மேல் ரிக்கார்டர் வைத்தீர்களே, அதை நான் கேட்க வேண்டும்.

அம்சா


விழுப்புரம்
4.7.2025

அன்புள்ள அம்சா அம்மாவுக்கு,

ஒலிப்பதிவுகளை ஆய்வாளர்கள் தவிர யாரும் கேட்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அதை எழுதத் தொடங்கிப் பிறகு நிறுத்திவிட்டேன். பொன்னியின் குரல் பொன்னி வீட்டாருக்கு இல்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. முதலில் நான் கேட்கிறேன் என்று உட்கார்ந்தேன்.

பொன்னி பேசியதை அப்படியே எழுதுகிறேன். "நாலு மணிக்கு எறங்குறங்க. கரையேறுற வரைக்கும் தண்ணி குடிக்கிறதில்ல. அடக்கிக்கினே இருக்கறதால சூடு புடிச்சிக்குது. எரியுது. சில நாளு அழுவாச்சியா வருதுங்க."

அதற்குப் பிறகு மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்கிறது. பிறகு ஆங்கிலத்தில், "ஷி ஃபீல்ஸ் ஹீட். பர்னிங்." சூடாக உணர்கிறார், எரிகிறது என்று.

அம்மா, அது தென்னரசு இல்லை. அவன் காலையில் அந்த மேசையில் இருந்தான், உண்மைதான். தேநீருக்குப் பிறகு இருவரும் மேசை மாறிக்கொண்டார்கள். அந்தக் குரல் மலர்விழியுடையது.

அவளை அழைத்துக் கேட்டேன். இரண்டு மணி நேரம் என் அறையில் இருந்தாள். அவள் சொன்னதை மாற்றாமல் எழுதச் சொன்னாள், உங்களிடம் நேரில் சொல்ல முடியவில்லை என்றாள். "எதிர்ல ஆம்பளை உட்கார்ந்திருந்தாரு மேடம். எங்கம்மா அதை சபையில சொன்னதே எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. யூரின்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. ஹீட்னு சொல்லிட்டேன். தப்பில்லையே, சூடுன்னா ஹீட்டுதானேன்னு நெனச்சிக்கினேன். அம்மா பக்கத்துலயே உட்கார்ந்து, நான் சரியா சொல்றேன்னு தலையாட்டினாங்க மேடம்."

எடுத்துச் சொன்னது தன் மகள்தான் என்று பொன்னிக்குத் தெரியும், நீங்கள் புத்தகத்தைக் காட்டிக் கேட்டதும் மீதியும் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது அதனால்தான்.

சேரன் டாக்டரிடமும் பேசினேன். அன்றே பார்த்திருந்தால் நிச்சயம் காப்பாற்றியிருக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. காப்பாற்றியிருக்க முடியாது என்றும் சொல்லவில்லை. ஒரு வருடம் கிடைத்திருக்கும், ஒரு வருடத்தில் நிறையச் செய்யலாம் என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாடிக் கழிவறையின் சாவியை மண்டப மேலாளர் காலையிலேயே என்னிடம் கொடுத்தார். விருந்தினர்களுக்கு என்று. கைப்பையில் போட்டவள் மறந்துவிட்டேன். சாயங்காலம் திருப்பிக் கொடுக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. அட்டைப் படத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். பாட்டில்களை நான் பார்த்ததே இல்லை.

ஜெசிந்தா


திண்டிவனம்
29.7.2025, செவ்வாய்

டீச்சருக்கு,

இருபத்தைந்து நாள் எழுதவில்லை. எழுதினால் திட்டாகத்தான் வந்திருக்கும்.

மலர்விழி சனி ஞாயிறில் வருவாள். இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை. சோறு போட்டேன், தட்டைப் பார்த்துப் போட்டேன், முகத்தைப் பார்க்கவில்லை. பெற்றவள் வாயில் வந்ததை எடுத்துச் சொல்ல ஒரு பெண்ணுக்கு வெட்கமா? அந்த வெட்கத்துக்காகவா காலேஜுக்கு அனுப்பினோம்? மூன்றாவது வாரம் கேட்டுவிட்டேன். "எப்படிடி வாய் வந்திச்சி ஒனக்கு?"

அவள் அழவில்லை. "வாயே வரல ஆயா. நீ அறைஞ்ச அறை ஞாபகம் வந்திச்சி" என்றாள்.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இவளுக்கு ஏழு வயது. கோலியனூர் தீமிதிக்குப் போய்த் திரும்பி வருகிறோம். விழுப்புரத்தில் ஏறிய பஸ், நிற்க இடமில்லை. எனக்கு முன் சீட்டில் ஒரு போலீஸ்காரர், பக்கத்தில் எங்கள் தெரு வெங்கடாசலம் மேஸ்திரி. விக்கிரவாண்டி தாண்டினதும் இவள், "ஆயா மூத்திரம் வருது, ஆயா மூத்திரம் வருது" என்று கத்தினாள். பஸ்ஸே சிரித்தது. மேஸ்திரி, "அடக்கிக்கோ கண்ணு, உங்காயாவ கேளு, நாள் பூரா அடக்குவா" என்றான். ஓங்கி வாய் மேலேயே ஒன்று வைத்தேன். "பொட்டப்புள்ள நாலு பேர் நடுவுல இந்தப் பேச்சு பேசுவியா?" என்று கேட்டேன். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. பாவாடையிலேயே போய்விட்டாள். அதற்கும் ஒன்று வைத்தேன்.

யார் என்ன செய்தார்கள் என்று நாற்பது வருஷத்துக்குச் சொல்லுவேன் டீச்சர். எந்தெந்தக் கூட்டத்தில் யார் எனக்கு நாற்காலி கொடுக்கவில்லை என்பது வரைக்கும் சொல்லுவேன். இதை மட்டும் ஒருநாளும் நினைத்தது இல்லை. அன்றைக்கு அவள் வாயில் வைத்த அறை பதினாலு வருஷம் கழித்துப் பொன்னி மேல் விழுந்திருக்கிறது.

தென்னரசை வாய்க்கு வந்தபடி எழுதிவிட்டேன். அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள்.

இப்போது ஒரு விஷயம். மலர்விழி சத்தியம் பண்ணுகிறாள். "ஹீட்னு சொன்னேன், பர்னிங்னு சொன்னேன். வெயிலுன்னு நான் சொல்லவே இல்ல ஆயா. அந்தம்மா ஏதோ திரும்பக் கேட்டாங்க, நான் தலைய குனிஞ்சிக்கினேன்" என்கிறாள். அவள் பொய் சொல்ல மாட்டாள், வெட்கப்படுவாள், அவ்வளவுதான். அப்படியானால் வெயில் எங்கேயிருந்து வந்தது? அந்த மேசையில் மார்த்தா அம்மா, பொன்னி, ராஜாமணி, மலர்விழி, கோதண்டபாணி. வேறு யாரும் இல்லை. ராஜாமணிக்கு இங்கிலீஷில் பிஸ்கட் தவிர ஒன்றும் தெரியாது.

மறுபடி கேளுங்கள். பர்னிங்கோடு நிறுத்தாதீர்கள்.

பொன்னிக்கு ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர்தான். அதற்கு மேல் குடித்தால் மூச்சு முட்டும் என்கிறார்கள். நான் அளந்து ஊற்றுகிறேன். இப்போது கதவு வைத்த கக்கூஸ் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. குடிக்கத்தான் கூடாது. நேற்று டம்ளரின் அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நாக்கில் வைத்துக்கொண்டாள். நான் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அம்சா


விழுப்புரம்
7.8.2025

அன்புள்ள அம்சா அம்மாவுக்கு,

மறுபடி கேட்டேன். போன முறை எனக்குப் பொன்னியும் மலர்விழியும்தான் தேவைப்பட்டார்கள், அவர்கள் பேசி முடித்ததும் நிறுத்திவிட்டேன். இந்த முறை கடைசி வரை கேட்டேன்.

மலர்விழி "பர்னிங்" என்றதும் மார்த்தா, "ஃப்ரம் த சன்?" என்கிறார். வெயிலாலா என்று கேட்கிறார். மலர்விழியிடமிருந்து பதில் இல்லை. மூன்று விநாடி. அப்புறம் ஓர் ஆண்குரல் நிதானமாக, தெளிவாகச் சொல்கிறது: "யெஸ், சன். சன் ஒன்லி. ஷேட் இஸ் எனஃப் மேடம், ப்ராப்ளம் சால்வ்டு." வெயில்தான், நிழல் போட்டால் தீர்ந்தது என்று. ஒரு சிரிப்பு. மார்த்தாவும் நன்றி சொல்கிறார். பொன்னி பேச்சு அங்கேயே முடிந்து ராஜாமணி பேச்சு தொடங்குகிறது.

அது கோதண்டபாணி.

மார்த்தாவுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். மூன்று நாளில் பதில் வந்தது. நீங்கள் கேட்ட கேள்வியை அவர் அங்கே கரும்புக் காட்டில் பெண்களிடம் கேட்டிருக்கிறார். அவர்களும் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லையாம். பதினேழு வருடமாக அவர்களோடு இருக்கிறார், நீ கேட்கவே இல்லையே என்று சொன்னார்களாம். அவர் கடிதத்தின் கடைசி வரி உங்களுக்கு: அம்சாவிடம் சொல்லுங்கள், எங்கள் பெண்களும் வாயை நனைத்துத் துப்புகிறார்கள்.

செப்டம்பர் கூட்டத்துக்கு முன்னால் ஐந்து நாடுகளுக்கும் திருத்தம் போகிறது. முப்பத்தோராம் பக்கத்தில் பொன்னியின் வார்த்தைகள் பொன்னி சொன்னபடியே இருக்கும். சூடு என்பதை மொழிபெயர்க்காமல் சூடு என்றே போட்டு, நீங்கள் எழுதிய விளக்கத்தை உங்கள் பெயரில் சேர்க்கிறோம். நிழலுக்கு முன்னால் கழிவறையும் குடிநீரும் என்று முன்மொழிகிறேன். கூட்டத்தில் அதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல மலர்விழியே வர வேண்டும்.

இனி எழுதப்போவதை நீங்கள் கோபமில்லாமல் படிக்க வேண்டும். கோதண்டபாணி ஒருவர்தான் குத்தகைதாரர்களில் இந்தத் திட்டத்துக்கு நம்மோடு கையெழுத்திட்டவர். வரப்பில் கழிவறை கட்ட அவர் சம்மதம் வேண்டும், நிலம் அவர் பிடியில் இருக்கிறது. அவரைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வருவார்கள். அவர் பெயரைத் திருத்தத்தில் போட்டால் எழுந்து போய்விடுவார், கட்டடமும் போய்விடும். "தவறான புரிதல் காரணமாக" என்று மட்டும் போடலாமா? ஒருவேளை அவருக்கும் உண்மையிலேயே புரியாமல் இருந்திருக்கலாம். பணமுள்ள வீட்டில் வளர்ந்தவர், சென்னையில் படித்தவர். பெண்கள் பேச்சு தெரியாமல் போயிருக்கலாம்.

நீங்கள் வேண்டாம் என்றால் செய்ய மாட்டேன்.

ஜெசிந்தா


திண்டிவனம்
19.8.2025, செவ்வாய்

ஜெசிந்தா டீச்சருக்கு,

போன வெள்ளிக்கிழமை சுதந்திர தினம். அன்றைக்கும் டயாலிசிஸ் உண்டு. மலர்விழி கூட வந்தாள். வார்டு வராந்தாவில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள், பாதி ஆண்பிள்ளைகள். அவளிடம் சொன்னேன், "செப்டம்பர் மாசம் அந்த அஞ்சு நாட்டு மீட்டிங்ல நீதான் எடுத்துச் சொல்லணுமாம். இங்க சொல்லு பாப்போம், சத்தமா."

"என்னா ஆயா சொல்றது?"

"பஸ்ல என்னா சொன்ன? அதான்."

முதலில் காற்றுதான் வந்தது. அப்புறம் சொன்னாள். நர்ஸம்மா திரும்பிப் பார்த்து, "கக்கூஸ் வலது பக்கம்மா" என்றாள். உள்ளே, திறந்த கதவுக்கு நேராக மெஷினோடு படுத்திருந்த பொன்னி சிரித்தாள். தை மாதத்துக்கு அப்புறம் அவள் சிரித்து இப்போதுதான் பார்த்தேன். நான் சிரிக்கவில்லை. அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தழும்பு இல்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில். உங்கள் திருத்தத்தில் அவர் பெயர் வேண்டாம். போடாதீர்கள். எனக்கு வரப்பு மேல் கட்டடம் வேண்டும். பாத்திக்குப் போகிற வழியில் மூன்று இடத்தில். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். வெளிப்பூட்டுப் போட்டால் அதன் சாவி ராஜாமணியிடம் இருக்கும், குத்தகைக்காரர் ஆபீசில் இருக்கக் கூடாது. பக்கத்திலேயே குடிதண்ணீர். பெண்கள் குடிக்கிறார்களா, துப்புகிறார்களா என்று மாதம் ஒருமுறை நீங்களே நேரில் வந்து பார்க்க வேண்டும், பிள்ளைகளை அனுப்பக் கூடாது. இதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தவறான புரிதல் என்றே போட்டுக்கொள்ளுங்கள். அவர் எழுந்து போக வேண்டாம். கூட்டத்துக்கு வரட்டும், நானே நாற்காலி எடுத்துப் போடுகிறேன். பேனாவும் கொடுக்கிறேன்.

ஆனால் அவருக்குப் புரிந்திருக்காது என்று எழுதினீர்களே, அதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று, சித்திரை மாதம். அப்போது அந்த உப்பளம் அவர் அப்பா கையில். எனக்கு இருபத்தாறு வயது. அந்தப் பிள்ளைக்கு ஒன்பது. கோடை லீவுக்கு வந்தவன் நாளெல்லாம் உப்பு வண்டியோடு சுற்றிவிட்டு, சாயங்காலம் கையால் பொத்திக்கொண்டு துடித்தான். அவன் அம்மா பெரிய வீட்டிலிருந்து எங்கள் தெரு முனை வரைக்கும் நடந்து வந்தாள். அதற்கு முன்னாலும் வந்ததில்லை, அப்புறமும் வந்ததில்லை. "அம்சா, புள்ளைக்கு சூடு புடிச்சிக்கிச்சிடி, ஏதாச்சும் பண்ணு" என்றாள். நான் மடியிலிருந்து சுண்ணாம்பு எடுத்து, தெருவிலேயே முட்டி போட்டு உட்கார்ந்து, அவன் வலது கால் பெருவிரலில் வைத்தேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு, "எரியுது அம்சா, எரியுது அம்சா" என்று அழுதான். வயதில் பெரியவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அதையும் நான் மறக்கவில்லை, அது கிடக்கட்டும். ஒரு சொம்பு நீர்மோர் கொடுத்து, என் வீட்டு ஓலைப் படல் மறைவில் கூட்டிப் போய் நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. சிரித்துக்கொண்டே ஓடினான்.

சூடு என்றால் என்ன என்று அவர் உடம்புக்குத் தெரியும். பொன்னி அதைச் சொல்லும்போது எதிரில் உட்கார்ந்து கேட்டார். அந்தப் பெண் தலை குனிந்ததையும் பார்த்தார். பச்சை வலை நீங்கள் கொடுப்பீர்கள், கக்கூஸுக்கு அவர் வரப்பில் இடம் விட வேண்டும். மூன்று விநாடி இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று விநாடியில் அவர் இதை யோசித்து முடித்துவிட்டார்.

பெரிய காரியம் செய்ய நாலு பேரோடு சேர வேண்டும் என்கிறீர்கள். சேருகிறேன். சேர்வதற்கு மன்னிக்க வேண்டும் என்று உங்கள் புத்தகத்தில் எங்கேயும் போடவில்லை, பார்த்துவிட்டேன்.

உங்களை மன்னித்தாயிற்று. சாவிக்காகக் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, அந்த மூன்று கதவும் நின்றதும் அதுவும் போய்விடும். தென்னரசுக்கு அவித்த மல்லாட்டை, அவன் வேர்க்கடலை என்பான், ஒரு பை மலர்விழியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன், என்மேல் வருத்தம் வேண்டாம் என்று சொல்லுங்கள். மார்த்தா அம்மா காதில் விழுந்ததை எழுதினார்கள், அவர்கள்மேல் ஒன்றும் இல்லை. மலர்விழி என் பிள்ளை. பஸ்ஸில் அறைந்தவளைக்கூட, பொன்னிக்குத் தண்ணீர் அளந்து ஊற்றுகிற நேரம் தவிர, மற்ற நேரத்தில் மன்னிக்கப் பார்க்கிறேன்.

அன்றைக்கு அந்த மாடியில் இருந்தவர்கள் யார் யார் என்று முதல் கடிதத்தில் எழுதினேன். அதில் ஒருவரை மட்டும் நான் உயிரோடு இருக்கிற வரைக்கும் மன்னிக்க மாட்டேன். உங்கள் புத்தகத்தில் அந்தப் பெயர் இருக்காது. இந்தக் காகிதத்தில் இருக்கட்டும்.

கோதண்டபாணி.